சீர்மிகு நகரப் பணிகளின் பராமரிப்பைக் கேட்டறியும் வழி

2015 ஜூன் 25 அன்று மத்திய அரசு தொடங்கிய சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டம், 100 நகரங்களில் பணிகளை மேற்கொண்டு, 2025 மார்ச் 31-உடன் நிறைவடைந்தது. சென்னை, கோவை, மதுரை உட்படத் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இதில் இடம்பெற்றன. திட்டம் முடிந்துவிட்டாலும் அது கட்டித் தந்த நடைபாதைகளும் குளக்கரைகளும் பேருந்து நிலையங்களும் இருக்கின்றன. அவை பாழாகாமல் காப்பது யார் பொறுப்பு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை நகரவாசிகளுக்கு உண்டு.

முதலில், உங்கள் நகரத்தின் திட்ட முன்மொழிவில் உங்கள் தெரு வருகிறதா என்று பாருங்கள். பெரும்பகுதி நிதி நகரம் முழுவதற்கும் அல்லாமல், தேர்ந்தெடுத்த ஒரு பகுதிக்கே செலவிடப்பட்டது.

பணிகளை நடத்தியது, மாநில அரசும் மாநகராட்சியும் சமபங்கு வைத்து அமைத்த தனி நிறுவனம். அதுவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆகவே அந்த நிறுவனத்தின் அல்லது மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பலாம். மனு வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் கவலை வேண்டாம். அச்சட்டத்தின் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அதை மாற்றி அனுப்ப வேண்டும்.

மனுவின் பலன் கேள்வியைப் பொறுத்தது. "ஏன் சரிசெய்யவில்லை?" என்று விளக்கம் கேட்காமல், ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: பணி ஆணை, பணி நிறைவுச் சான்று, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரரே தம் செலவில் பழுதுபார்க்க வேண்டிய காலத்தைக் குறிப்பிடும் ஒப்பந்தப் பகுதி, மாநகராட்சியிடம் பணியை ஒப்படைத்த கடிதம், நடப்பு ஆண்டின் பராமரிப்பு ஒதுக்கீடு. இவற்றுள் பழுதுபார்க்கும் காலமே மிக முக்கியமானது என்பேன். அது முடிவதற்குள் பழுதைச் சுட்டிக்காட்டினால், மாநகராட்சியின் பணம் மிஞ்சும். அதே சட்டத்தின் பிரிவு 2(j), பணியை நேரில் ஆய்வு செய்யவும் பொருள்களின் மாதிரியைச் சான்றுடன் பெறவும் உரிமை தருகிறது.

முப்பது நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கிடைத்த ஆவணங்களை உங்கள் வார்டில் குடியிருப்போர் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் முன்வைத்து, கோரிக்கையைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.