எச்.ஐ.வி.யின் டாட் புரதம் சிடிகே9 நொதியைப் பிடிப்பதைச் சோதிக்கும் முறை

எச்.ஐ.வி. மரபணுவைப் படியெடுக்கக் கிளம்பும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். அதை மறுபடி ஓடவைப்பது நம் செல்லின் சிடிகே9 நொதி. வைரஸின் டாட் புரதம் அந்த நொதியை, அதன் துணையான சைக்ளின் டி1 (Cyclin T1; D1 அல்ல) புரதத்தோடு சேர்த்து இழுத்து வந்து, முளைக்கும் ஆர்.என்.ஏ.யின் தொடக்கத்திலுள்ள டார் (TAR) என்ற வளைவில் அமர்த்துகிறது. இதைச் சோதிக்க வைரஸே வேண்டாம், பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) போதும்.

24 குழித் தட்டில் குழிக்கு 1 லட்சம் எச்.இ.கே.293டி (HEK293T) மனிதச் செல்களை முந்தின நாளே இடுங்கள். மறுநாள் செல்களுக்குள் செலுத்த வேண்டியவை: எல்.டி.ஆர்.-லூசிஃபெரேஸ் பிளாஸ்மிட் (எச்.ஐ.வி.யின் தொடக்கப் பகுதியான எல்.டி.ஆர்., ஒளி தரும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவை இயக்கும்) 100 நானோகிராம். டாட் பிளாஸ்மிட் 0, 1, 5, 20 நானோகிராம். வெற்றுப் பிளாஸ்மிட்டால் எல்லாக் குழியையும் மொத்தம் 250 நானோகிராமுக்கு நிரப்பி, 24 மணி நேரம் கழித்து ஒளியை அளக்கலாம். செயலிழந்த சி22ஜி டாட் (22-ஆம் இடத்துச் சிஸ்டீன் கிளைசினாக மாறியது) ஒரு குழியில் கட்டாயம் இருக்கட்டும். டாட்டை அள்ளிப் போட்டால் ஒளி குறையவும் கூடும். டாரில் இல்லாத உபரி டாட்டே சிடிகே9-ஐப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுண்டெலிச் செல்லில் டாட் சரியாக வேலை செய்யாது: சைக்ளின் டி1-இன் 261-ஆம் இடத்தில் மனிதருக்கு சிஸ்டீன், சுண்டெலிக்கு டைரோசின்.

நேரடிப் பிணைப்பைப் பார்க்க, ஃபிளாக் (FLAG, அடையாளத்துக்கான சிறு புரதத் துண்டு) ஒட்டிய டாட்டை 10 செ.மீ. தட்டுச் செல்களிலிருந்து ஃபிளாக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடி மணிகளால் 4 டிகிரியில் 2 மணி நேரம் இழுங்கள். கரைசலில் 150 மில்லிமோலார் உப்பு, 0.5% என்.பி.-40 (செல் சவ்வைக் கரைக்கும் சோப்பு). பலர் சறுக்குவது, உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ.வில்தான். டாட்–சைக்ளின் பிணைப்புக்குத் துத்தநாகம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. அதை உருவிவிடும். புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும்; ஈ.டி.டி.ஏ. இல்லாத வகையை வாங்குங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் முறை) சிடிகே9 42, 55 கிலோடால்டனில் இரு பட்டையாக வந்தால் பதற வேண்டாம், இரண்டும் அதுதான். 55-ஐ ஆன்டிபாடியின் கனச் சங்கிலி மறைக்கலாம்.

ஃபிளாவோபிரிடால் என்ற மருந்தால் 100 நானோமோலாரில் சிடிகே9-ஐ அடக்கும்போது ரெனில்லாவை (ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும் இன்னொரு லூசிஃபெரேஸ்) ஒப்பீடாக நம்பாதீர்கள். அதன் படியெடுப்புக்கும் இதே நொதி தேவை, அதுவும் விழும். மருந்துக்கு முன் சேர்ந்த லூசிஃபெரேஸும் சில மணி நேரம் மிஞ்சும். ஆகவே ஆர்.என்.ஏ.யையே அளப்பது மேல்: டார் பகுதிக்கு ஒரு பிரைமர் (பி.சி.ஆருக்கான தொடக்கத் துண்டு) ஜோடி, லூசிஃபெரேஸ் உள்பகுதிக்கு இன்னொன்று. டாட் வேலை செய்தால் நீண்ட படியின் பங்கு உயரும். குட்டைப் படிகளுக்குப் பாலி-ஏ வால் கிடையாது, அந்த வாலில் ஒட்டும் ஒலிகோ-டிடி (oligo-dT) பிரைமர் அவற்றைத் தவறவிடும். எங்கும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸாமர் பிரைமரில் சிடிஎன்ஏ (ஆர்.என்.ஏ.யின் டி.என்.ஏ. படி) செய்யுங்கள். அதற்கு முன் டி.என்.ஏஸ் (டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) இட மறந்தால், நீங்கள் அளப்பது மிஞ்சிய பிளாஸ்மிட்டைத்தான்.