புகை போகும் வழி: தீத்தடைகளைப் பரிசோதிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீப்பாதுகாப்புப் பரிசோதனை என்றதும் பெரும்பாலான கட்டடங்களில் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது தீயணைப்பான் சிலிண்டரும் அதில் தொங்கும் திகதி அட்டையுமே. அவை பார்க்கப்பட வேண்டியவைதாம். ஆனால் தீ மூண்ட அறையை விட்டு நெருப்பும் புகையும் வெளியேறாமல் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ தடுத்து நிறுத்தி, மற்றவர்கள் இறங்கித் தப்ப அவகாசம் தருபவை சுவர், தளம், கதவு, இவற்றிலுள்ள துளைகளை அடைத்திருக்கும் பொருள் ஆகிய தீத்தடைகளே. இவை அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதால், கட்டி முடித்த நாளில் இருந்தபடியே இன்றும் இருக்கின்றன என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். மட்டக்களப்பின் வைத்தியசாலை விடுதிகள், காத்தான்குடி, கல்முனைப் பிரதான வீதிகளின் கடைத்தொகுதிகள், பாசிக்குடாவின் ஹோட்டல்கள் என எதைப் பரிசோதித்தாலும், தவறுகளில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

1980 நவம்பர் 21ஆம் திகதி அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலுள்ள எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் இருந்ததோ நெருப்பு எட்டியும் பார்க்காத மேல்மாடிகளில். படிக்கட்டுக் கூடங்கள், லிப்ட் குழிகள், கட்டடப் பகுதிகளுக்கு நடுவே விடப்பட்ட இணைப்பு இடைவெளிகள் ஆகியவற்றின் வழியே ஏறிய புகையே அவர்களைக் கொன்றது. ஆகவே பரிசோதகர் ஒவ்வோர் அறையிலும் தம்மைப் புகையின் இடத்தில் வைத்து, இங்கிருந்து அடுத்த அறைக்கும் மேல்மாடிக்கும் எந்தச் சந்தால் போகலாம் என்று கேட்டுப் பழக வேண்டும்.

வரைபடம் இல்லாமல் நடக்கத் தொடங்குவது முதல் தவறு. எந்தச் சுவர் தீத்தடைச் சுவர், எது வெறும் மறைப்பு என்று அறியாதவர், தாம் காணும் ஓட்டை குறைபாடா இல்லையா என்று தீர்மானிக்கவே முடியாது. அனுமதிக்காகச் சமர்ப்பித்த வரைபடத்தையும் கட்டி முடித்தபின் வரைந்ததையும் ஒப்பிட்டு, தீத்தடை ஓடும் கோட்டைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு, அறை அறையாகப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே நடக்க வேண்டும். கோடு எங்கு அறுகிறதோ அங்குதான் வேலை இருக்கிறது. வரைபடம் கிடைக்காத பழைய கட்டடங்களில் படிக்கட்டைச் சூழ்ந்த சுவர், சமையலறை, மின்பிறப்பாக்கி அறை, களஞ்சியம், நோயாளர் விடுதிகளுக்கு இடையிலுள்ள சுவர் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, தகுதிவாய்ந்த பொறியியலாளர் ஒருவரின் உதவியோடு அந்தக் கோட்டைப் புதிதாக வரைந்துகொள்வதே முறை.

நம் பகுதியில் மிக அதிகமாகத் தவறவிடப்படும் இடம் சீலிங்குக்கு மேலே உள்ளது. வரிசைக் கடைகளிலும் பழைய அலுவலகங்களிலும் இடைச்சுவர் சீலிங் மட்டத்தோடு நின்றுவிட, அதற்கு மேலே ஓட்டுக் கூரையோ அஸ்பெஸ்டஸ் கூரையோ ஐந்தாறு கடைகளுக்கும் பொதுவாக ஓடுவதைப் பல இடங்களில் காணலாம். கீழிருந்து பார்ப்பவருக்கு ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் உறுதியாகத் தெரியும். மரநாயும் வௌவாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வரும் கூரைவெளியில் புகைக்கு மட்டும் என்ன தடை? சீலிங் பலகையைக் கழற்றி, ஏணியில் ஏறி, டோர்ச் வெளிச்சத்தில் சுவரின் தலைப்பகுதி கூரையையோ மேல்தளத்தையோ தொடுகிறதா என்று இரு பக்கங்களிலிருந்தும் பார்க்காத பரிசோதனை பாதிப் பரிசோதனைகூட ஆகாது. அப்படிப் பார்க்கையில் அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைக்கவோ துளைக்கவோ கூடாது; அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. நீண்ட பாடசாலை, வைத்தியசாலைக் கட்டடங்களில் வெப்பத்தில் கொங்கிறீட் விரிவதற்காக விடப்படும் இடைவெளியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அதற்குள் கொங்கிறீட் போட்ட நாளில் வைத்த றெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகை அப்படியே இருந்தால், அது எரிந்து உருகி, தளத்துக்குத் தளம் ஒரு புகைபோக்கியைத் திறந்துவிடும்.

அடுத்தது துளைகள். கட்டடம் கையளிக்கப்பட்டபோது ஒழுங்காக இருந்த சுவரை அதன்பின் வருபவர்கள் ஒவ்வொருவராகத் துளைக்கிறார்கள்: குளிரூட்டி பொருத்துபவர், கண்காணிப்புக் கமரா பூட்டுபவர், இணைய இணைப்புக் கொடுப்பவர், தண்ணீர்க் குழாய் மாற்றுபவர். குளிரூட்டியின் செப்புக் குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு இறப்பர் உறை தீயில் எரிந்துபோனால் அதன் தடிப்பளவுக்கு ஓர் இடைவெளி பிறக்கும். பி.வி.சி. குழாயோ சுமார் 80 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அது விழுந்தபின் குழாயின் முழு விட்டமும் திறந்த வாயாகிவிடும். ஆகவே குழாயைச் சுற்றிச் சீமெந்து பூசி, 'அடைத்தாயிற்று' என்று எழுதுவது ஏற்கத்தக்கதல்ல. வெப்பம் பட்டதும் வீங்கி, இளகும் குழாயை நசுக்கி மூடும் வளையம் அங்கே வேண்டும். தளத்தில் அது அடிப்பக்கத்திலும், சுவரில் இரு பக்கங்களிலும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கேபிள் கற்றைகளிலும் இதே ஏமாற்றம்தான். வெளிச்சுற்றில் சீமெந்துக் கலவை அழகாக இருக்கும், கற்றையின் நடுவில் கேபிளுக்கும் கேபிளுக்கும் இடையே புகை தாராளமாகப் போகும்.

இவ்விடத்தில், டப்பாவிலிருந்து பீச்சி ஓட்டைகளை அடைக்கும் நுரை பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். கதவு நிலையையும் யன்னலையும் பொருத்த ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் சாதாரண நுரை எரியக்கூடியது. இளஞ்சிவப்பு நிறத்தில் 'தீ' என்று அச்சிட்ட டப்பாவிலிருந்து வந்ததும் எல்லா ஓட்டைகளுக்கும் பொருந்தாது. அது பரிசோதனைக்கூடத்தில் எந்த அகல இடைவெளிக்கு, எந்தச் சுவரில், எத்தனை நிமிடங்களுக்குச் சோதிக்கப்பட்டதோ அந்த நிலைமைக்கு மட்டுமே அதன் சான்றிதழ் செல்லும். பரிசோதகர் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, சுவரின் வகையும் குழாயின் அளவும் இடைவெளியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். நிறம் சான்றாகாது.

கதவுகளில் நடக்கும் பெருந்தவறு, கதவின் விளிம்பிலுள்ள அடையாளத் தகட்டை வாசித்துவிட்டுக் கதவை இயக்கிப் பார்க்காமல் போவது. கதவை முழுவதாகத் திறந்துவிட்டும், ஒரு சாண் அளவு மட்டும் திறந்துவிட்டும், கை வைக்காமல் அது தானே போய்ச் சாத்தி, தாழ்நாக்கு உள்ளே விழுகிறதா என்று பார்க்க வேண்டும்; மின்விசிறிகளும் குளிரூட்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. கதவுக்கும் நிலைக்கும் இடையே பக்கங்களிலும் மேலும் 3 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளியே பொதுவாக ஏற்கப்படுகிறது. நம் காலநிலையில் மரக்கதவு இந்த அளவில் நிற்பதில்லை: மாரியில் ஊதி இறுகும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் வற்றிச் சுருங்கும். மாரியில் கதவு இறுகுகிறதென்று தச்சர் சீவிவிட்ட விளிம்பு ஆனி, ஆடியில் அகன்ற சந்தாகத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறைதான் பரிசோதனை என்றால் கச்சான் காலத்தைத் தெரிந்தெடுங்கள் என்பேன். கடற்கரையை அண்டிய கட்டடங்களில் பிணைச்சல்களும் கதவு மூடும் கருவியும் உப்புக்காற்றில் துருவேறுவதையும், நிலையின் அடிப்பகுதியைக் கறையான் அரிப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் பதித்த, வெப்பத்தில் வீங்கிச் சந்தை மூடும் பட்டியின் மேலும், புகையை மறிக்கும் மயிர்ப்பட்டியான புகைத்தூரிகையின் மேலும் வர்ணம் பூசப்பட்டிருந்தால் அதையும் குறிக்க வேண்டும். அந்தப் பட்டி சுமார் 200 பாகையில்தான் வீங்கும் என்பதால், அதற்கு முன் வரும் குளிர்ந்த புகையைத் தடுப்பது அந்தத் தூரிகை மட்டுமே.

கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்லைக் கண்டதும் அதை அகற்றிவிட்டு, 'ஊழியர் கவனக்குறைவு' என்று எழுதிவிடுவதும் தவறே. வெக்கை தாங்காமல் காற்றுக்காகத் திறந்தார்களா, நோயாளித் தள்ளுவண்டி நாளெல்லாம் போய்வருவதாலா, கதவு பாரமாக இருப்பதாலா என்று தாதியரிடமும் சிற்றூழியரிடமும் கேட்க வேண்டும். காரணம் நீங்காவிட்டால், பரிசோதகர் படியிறங்குமுன் கல் திரும்பி வந்துவிடும். எச்சரிக்கை மணி ஒலித்ததும் கதவை விடுவிக்கும் காந்தப்பிடியைப் பரிந்துரைப்பதே பயனுள்ளது.

காற்றுக்குழாய் உள்ள வைத்தியசாலைகளிலும் ஹோட்டல்களிலும், தீயின்போது அந்தக் குழாயை உள்ளே மூடிவிடும் தீத்தடை மடல்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் சுமார் 72 பாகையில் உருகும் இணைப்பு ஒன்றே மடலைத் திறந்து பிடித்திருப்பதால், தூரத்திலிருந்து ஆறி வரும் புகை அதைத் தாண்டிப் போய்விடும். புகையையும் தடுக்க வேண்டிய இடத்தில் புகையை உணரும் கருவியோடு இணைந்த மடல் தேவை. 2011 டிசம்பரில் கல்கத்தாவின் ஆம்ரி வைத்தியசாலையின் அடித்தளத்தில் மூண்ட தீயில் 90 பேரளவில் இறந்தனர். புகை மேல் விடுதிகளுக்குப் பரவி, எழுந்து நடக்க முடியாதவர்களைப் படுக்கையிலேயே மூச்சுத்திணற வைத்தது. மடலைப் பார்ப்பதற்கான திறப்பு அருகில் இல்லையெனில், அதையே முதற் குறைபாடாக எழுதுங்கள்.

அலுமினியச் சட்டத்தில் சாதாரணக் கண்ணாடி பதித்த மறைப்பைச் சுவராகக் கணக்கிடுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: கண்ணாடி சில நிமிடங்களில் வெடிக்கும், அலுமினியம் 660 பாகையில் உருகும், அறை முழுவதும் பற்றிய தீ அந்த வெப்பத்தைத் தாண்டும்.

கடைசியாக, எழுதும் முறை. 'இரண்டாம் மாடி, சில துளைகள்' என்ற குறிப்பை வைத்து எந்த மேசனாலும் வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஓர் இலக்கம், வரைபடத்தில் அதன் இடம், அளவுநாடாவோடு எடுத்த படம், யார் எப்போது அடைக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை வேண்டும். அடைத்தபின், சீலிங் பலகையை மீண்டும் மூடுமுன், அதே கோணத்தில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். சுவரைத் துளைப்பவர் எவராயினும் முன்கூட்டி அறிவித்து, அடைத்ததைக் காட்டிய பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டு, இறுதிப் பில்லில் கையொப்பமிடுமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஏணியோடு போய் அந்தத் துளையை நேரில் பார்த்து வரட்டும்.