ஸ்ப்ரே ஆவியாதலைக் கணிக்க, முதலில் ஒரே ஒரு துளி

கணினி உருவகப்படுத்தலில் (simulation) முழு ஸ்ப்ரேயை ஓட்டுமுன் ஒரு நீர்த்துளியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 25 டிகிரி செல்சியஸ், அசையாத வறண்ட காற்று, 50 மைக்ரான் துளி. அதன் வெப்பநிலை ஏறக்குறைய 8 டிகிரிக்கு இறங்கி நிற்க வேண்டும். பிறகு விட்டத்தின் வர்க்கம் நேர்கோட்டில் குறைய வேண்டும். இல்லையென்றால் ஆவியழுத்த வாய்பாட்டைச் சந்தேகியுங்கள். அழுத்த அலகுகளான பாஸ்கலும் பாரும் குழம்பியிருக்கும், வழக்கமான வினைதான்.

பலரைக் கவிழ்ப்பது நேரப்படி (time step), அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு. 50 மைக்ரான் துளி காற்றின் வேகத்துக்கு இசையும் காலம் சுமார் 8 மில்லிவிநாடி. 5 மைக்ரானாகச் சுருங்கினால் அதில் நூறில் ஒன்று. எனவே நேரப்படியும் துளியோடு சேர்ந்து சுருங்கட்டும். 1 மைக்ரானில் துளியை நீக்கலாம்; மிச்ச நிறையை ஆவியாகக் காற்றில் சேர்க்காவிட்டால் நிறைக்கணக்கு உதைக்கும்.

கணக்கிடக் காற்றுவெளியைப் பிரிக்கும் கட்டங்களை (grid cells) ரொம்பப் பொடியாக்கினால் ஒரே கட்டத்தில் ஈரம் நிறைந்து, ஆவியாதல் பொய்யாக நின்றுவிடும்.