சிப்பி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தண்ணீரைப் பார்த்தால் போதாது, அளக்க வேண்டும்

மீனுக்கும் இறாலுக்கும் போடுவது போலச் சிப்பிக்கு யாரும் தீனி போடுவதில்லை. அது தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளில் வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்றே வளர்ந்துவிடும். வளர்ந்த ஒரு சிப்பி, சூழல் நன்றாக இருந்தால், ஒரே நாளில் நூறு லிட்டருக்கு மேல்கூட வடிகட்டும். தீவனச் செலவு இல்லை என்றுதான் பலரும் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். ஆனால் தண்ணீரில் கிருமி வந்தாலும், நஞ்சு வந்தாலும், படகின் பெயின்ட் கரைந்து வந்தாலும் அதே வழியில்தான் சிப்பிக்குள் போகும். இதை மறக்கும்போதுதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

மிகவும் ஆபத்தான தவறு, "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது" என்று அறுவடைக்கு இறங்குவது. நச்சுப்பாசி பெருகினால் கடல் சிவக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் நிறமே மாறாது. 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் வளர்த்த சிப்பிகளைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். சிலர் இறந்தே போனார்கள், சிலருக்கு நினைவாற்றல் திரும்பவே இல்லை. ஒரு நுண்பாசி உண்டாக்கிய டோமோயிக் அமிலம்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் சில நாட்களிலேயே கண்டுபிடித்தார்கள். அதுவரை சிப்பியில் அப்படி ஒரு நஞ்சு வரும் என்பதே தெரியாது. அந்த நஞ்சு இருந்தால் சிப்பி வாடாது, நாறாது, ருசியும் மாறாது. வேகவைத்தாலும் போகாது.

சுத்திகரிப்புத் தொட்டியில் இரண்டு நாள் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. அது பாக்டீரியாவைப் பெருமளவு குறைக்கும். வைரஸ் அவ்வளவு எளிதில் போகாது, பாசி நஞ்சுக்கு அந்தத் தொட்டியை நம்பவே கூடாது. அறுவடைக்குத் தடை போட்டிருந்தால், தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சில சிப்பி வகைகள் சில வாரங்களில் நஞ்சை வெளியேற்றிவிடும், சில மட்டிகளில் அது ஓராண்டுக்கு மேலும் தங்கும். சதையைப் பரிசோதித்த முடிவு வந்த பிறகே இறங்க வேண்டும். கனமழைக்கு அப்புறமும் இப்படித்தான்: கழிவுநீர் கலந்து வரும், உப்பின் அளவு சரியும், சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு நாள்கணக்கில் பட்டினி கிடக்கும். அந்த நேரத்தில் அறுவடையைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது நெரிசல். சிப்பிகளை ஒட்டவைத்துத் தண்ணீரில் தொங்கவிடும் கயிறு கனமாக இருந்தால் விளைச்சல் நல்லது என்று மனம் சொல்லும். அந்தக் கயிற்றைத் தூக்கி, வெளிப்புறச் சிப்பிகளை விலக்கி உள்ளே பாருங்கள். நடுவில் இருப்பவை நகம் அளவிலேயே நின்றிருக்கும். சில ஓடுகள் வாய் பிளந்து, சதைக்குப் பதில் சேறு நிரம்பியிருக்கும். உயிருள்ள சிப்பி தட்டினால் மூடிக்கொள்ளும், இவை மூடாது. ஒரு கழிமுகத்தில் எத்தனை கயிறு போட்டாலும் அங்கே இருக்கும் பாசியைத்தான் எல்லாச் சிப்பிகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துக்காரரும் நீங்களும் சேர்ந்து எண்ணிக்கையைப் பேசி முடிவு செய்யாவிட்டால் இருவருக்குமே பொடிச் சிப்பிதான் மிஞ்சும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு கடலின் குஞ்சுகளைப் பரிசோதிக்காமல் கொண்டுவராதீர்கள். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் போர்த்துகீசியச் சிப்பி வைரஸ் நோயால் அழிந்தே போனது. குஞ்சோடு வரும் தண்ணீரிலும் சேற்றிலும்கூட நோய் வரும்.

ஆய்வு எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் உள்ள விஸ்கி கிரீக் பொரிப்பகம், அதாவது சிப்பிக் குஞ்சுகளை உற்பத்தி செய்யும் இடம். 2007-இல் அங்கே சிப்பியின் இளம்புழுக்கள் தொட்டி தொட்டியாகச் செத்தன. முதலில் கிருமி என்று நினைத்து, வடிகட்டும் கருவிகளுக்குச் செலவழித்தார்கள். சாவு நிற்கவில்லை. அப்புறம் ஆய்வாளர்களோடு சேர்ந்து தண்ணீரின் வேதியியலை அளந்தார்கள். காற்று திசை மாறி, ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழும் நாட்களில் அதில் கரியமில வாயு மிகுந்திருந்தது. பிறந்து முதல் இரண்டு நாட்களில் ஓடு கட்ட வேண்டிய புழு, அந்த நீரில் முட்டையிலிருந்து வந்த சத்தை முழுக்க ஓட்டுக்கே செலவழித்துவிட்டுச் செத்தது. தீர்வு எளிமையானது. கடற்பாசிகளும் நீர்த்தாவரங்களும் வாயுவை உறிஞ்சியபின், பிற்பகலில் தண்ணீர் எடுத்தார்கள். தேவைப்பட்டபோது சோடியம் கார்பனேட் சேர்த்தார்கள். சாவுக்குக் கிருமிதான் காரணம் என்று முடிவுகட்டும் முன் ஒரு முறை அளந்து பாருங்கள்.

உதவி செய்ய வருபவர்களிடமும் தவறு உண்டு, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. குஞ்சுகள் ஒட்டும் பருவம் முடிந்தபின் கயிறும் மிதவையும் கொடுப்பார்கள். தண்ணீரில் கருவியை வைத்துவிட்டுப் போவார்கள், துடைக்க ஆள் இருக்காது. மாதம் முடிவதற்குள் அதன் முனையில் கொட்டலசு (படகிலும் பாறையிலும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிரி) ஒட்டி, தப்பான எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஒருவர் அறுவடைக்கு இறங்குவார். மாதிரி கொடுத்தவருக்கு முடிவு இரண்டு ஆண்டு கழித்து ஒரு கட்டுரையாக வந்தால் என்ன பயன்? வற்றத்தில், அதாவது கடல் நீர் வடியும் நேரத்தில், மட்டி பொறுக்கும் பெண்களுக்குத் தடைச் செய்தி மறுநாள் காலைக்குள், அவர்கள் மொழியில் போய்ச் சேர வேண்டும். படகு உரிமையாளரிடம் மட்டும் சொன்னால் அது அவர்களை எட்டாது.

நீங்களும் வெறுங்கையோடு ஆய்வாளரிடம் போகாதீர்கள். ஒரு நோட்டு போதும். தேதி, தண்ணீரின் வெப்பம், உப்பளவு, மழை பெய்ததா, அன்று எத்தனை செத்த சிப்பி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கருவியை ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, மாதம் ஒரு முறையாவது சரிபார்த்த கருவியோடு ஒப்பிடுங்கள். சாவு திடீரென்று கூடினால், அப்போதுதான் செத்துக்கொண்டிருக்கும் சில சிப்பிகளை ஐஸ் மேல், நேரடியாகப் படாமல் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அழுகிய சிப்பியில் நோய்க்கான காரணத்தைத் தேட முடியாது.