போர்டோவின் அபூர்வ ஆண்டு ஒயினை வாங்குவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

பிரான்சின் போர்டோ ஒயினைப் பற்றிப் பேச்செடுத்தால், தெரிந்தவர்கள் முதலில் ஆண்டுகளை, அதாவது திராட்சை பறித்த ஆண்டுகளை, அடுக்குவார்கள்: 1961, 1982, 2005, 2009, 2010, 2016. இவற்றில் ஒன்றை லேபிளில் பார்த்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். நல்ல ஆண்டு என்றால் தரமும் ஏறும், விலையும் ஏறும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் ஏறுவதில்லை. அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

படி 1: அந்த ஆண்டு ஏன் நன்றாக இருந்தது என்று பாருங்கள்

போர்டோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் மழை எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. பூக்கும் காலம் சீராக அமைய வேண்டும். கோடையில் கொடி கொஞ்சம் தண்ணீருக்கு ஏங்க வேண்டும். செப்டம்பரில் வெயில் நிற்க வேண்டும். பறிக்கும்போது மழை கூடாது. இவை எல்லாம் ஒன்றாகக் கூடி வருவது அபூர்வம். 2013-இல் வசந்தத்தில் குளிர், பூவிலேயே சேதம், கடைசியில் அழுகல். 2010-இல் அதற்கு நேரெதிர்: வறண்ட கோடை, குளிர்ந்த இரவுகள். பழம் சிறியது, தோல் தடிமன். அதனால் துவர்ப்பும் புளிப்பும் தூக்கலாக, பல ஆண்டு தாங்கும் ஒயின் கிடைத்தது.

2009 வேறு மாதிரி. வெயில் தாராளமாக இருந்ததால் பழம் நன்றாகக் கனிந்தது, ஒயின் சீக்கிரமே மிருதுவாகிவிட்டது. இரண்டுமே பெரிய ஆண்டுகள்தான். பொறுமையில்லாதவர்களுக்கு 2009-ஐத்தான் சொல்வேன்.

ஒரு சின்ன விஷயம்: ஐரோப்பிய விதிப்படி, லேபிளில் உள்ள ஆண்டின் திராட்சை குறைந்தது 85 சதவீதம் இருந்தால் போதும்.

படி 2: எந்தக் கரை என்று கேளுங்கள்

‘போர்டோவுக்கு நல்ல ஆண்டு’ என்பது அரைகுறைத் தகவல். கரோன் ஆறும் டோர்டோன் ஆறும் சேர்ந்து ஜிரோந்து கழிமுகமாகின்றன. இடப்பக்கம் மெடோக் போன்ற சரளைக்கல் நிலங்கள். அங்கே கேபர்னே சோவிஞோன் என்ற திராட்சை வகையின் ஆட்சி. வலப்பக்கம் சேன்ட்-எமிலியோன், பொமெரோல். களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் உள்ள அந்த மண்ணில் மெர்லோ என்ற வகை. மெர்லோ முதலில் பழுக்கும், கேபர்னே தாமதமாக. 1998-இல் மெர்லோவைப் பறித்து முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. வலக்கரைக்கு அது அருமையான ஆண்டு, இடக்கரைக்கு அப்படியில்லை. 1996-இல் இடக்கரைதான் முந்தியது.

இனிப்பு ஒயினுக்குக் கணக்கே வேறு. சோத்தேர்ன் பகுதியில் காலைப் பனிமூட்டமும் மதிய வெயிலும் மாறி மாறி வந்தால்தான் பழத்தின் சாற்றை வற்றவைத்து இனிப்பைக் கூட்டும் பூஞ்சை படரும். 2001-இல் சிவப்பு ஒயினை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. சோத்தேர்னுக்கோ அது மகத்தான ஆண்டு. 2012 அறுவடையில் சோத்தேர்னின் புகழ்பெற்ற தோட்டமான ஷாத்தோ திகேம் தன் இனிப்பு ஒயினை வெளியிடவே இல்லை.

படி 3: விலை எங்கே ஏறுகிறது?

1855-இல் சிவப்பு ஒயின் தோட்டங்களை, பெரும்பாலும் மெடோக்கில் உள்ளவற்றை, ஐந்து தரங்களாகப் பிரித்தார்கள். லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் முதல் தரம். மூத்தோன் 1973-இல் சேர்ந்தது. உலகப் பணம் முதலில் ஓடுவது இந்தப் பெயர்களைத் தேடித்தான். அபூர்வ ஆண்டு என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு பாட்டில் பல நூறு யூரோ.

போதாக்குறைக்கு ‘ஆன் பிரிமர்’ முறை இருக்கிறது. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே விமர்சகர்கள் சுவைத்து மதிப்பெண் கொடுப்பார்கள். நீங்கள் பணத்தைக் கட்டிவிட்டுப் பாட்டிலுக்கு ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டும். 1982-ஐ அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் புகழ்ந்தபோது வாங்கியவர்களுக்கு நல்ல லாபம். 2010-ஐ உச்ச விலையில் வாங்கிய பலருக்குக் கையைச் சுட்டது. சில காலத்திலேயே சந்தை சரிந்தது. 2012-இல் லத்தூர் இந்த முறையை விட்டே விலகியது. புதியவர்கள் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 4: பெயர் குறைந்த இடத்தில் தேடுங்கள்

பெரிய தோட்டத்திடம் பணம் இருக்கிறது. மோசமான ஆண்டிலும் சொத்தைப் பழத்தைக் கழித்து, நல்லதை மட்டும் எடுத்து ஒப்பேற்றிவிடும். சின்னத் தோட்டத்துக்கு அந்த வசதி இல்லை, வானத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் வானம் கைகொடுத்த ஆண்டில் அதிக உயரம் தாவுவது சின்னவர்கள்தான். ஆனால் அவர்கள் விலை அந்த அளவு தாவாது.

ஆகவே 2009, 2010, 2016 என்றால் ஃப்ரோன்சாக், காஸ்தியோன், லாலாந்த்-த-பொமெரோல், ஓ-மெடோக் பகுதிகளின் பாட்டில்களையும் ‘க்ரு பூர்ஷுவா’ (1855 பட்டியலில் இல்லாத மெடோக் தோட்டங்களுக்கான தரப்பெயர்) என்று போட்டிருப்பவற்றையும் பாருங்கள். பெரிய பெயரைக் குடித்துப் பார்த்தே ஆக வேண்டுமா? அதை ஆரவாரமில்லாத ஆண்டில் வாங்குங்கள். பெரிய தோட்டங்களின் ‘இரண்டாம் ஒயின்’, அதாவது முதன்மை ஒயினுக்கு அடுத்தபடியாக அவர்களே தயாரிப்பது, நல்ல வழிதான், ஆனால் லாஃபித்தின் கரூவாத் போன்றவற்றின் விலையைக் கேட்டால் அந்த எண்ணமே போய்விடும்.

படி 5: பாட்டிலைக் கையில் எடுங்கள்

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒயின் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பாட்டிலில் அது கழுத்துக்குள் இருக்க வேண்டும். தோள் வரை இறங்கியிருந்தால் தக்கை வழியாகக் காற்று போயிருக்கிறது. மூடிமேல் உறையைத் தடவுங்கள்: பிசுபிசுப்போ, தக்கை லேசாக மேலே தள்ளி நிற்பதோ தெரிந்தால், எங்கேயோ சூட்டில் கிடந்திருக்கிறது. ஆண்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

படி 6: எப்போது திறப்பது?

பொதுவாக, சின்னத் தோட்டத்து ஒயினை ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் திறந்துவிடலாம். முதல் தரத்து 2010-க்கு இருபது ஆண்டு என்பதே சின்ன வயது. வாங்கியதை இருட்டில், 12-14 டிகிரியில், படுக்கவைத்து வையுங்கள். முடிந்தால் ஒரே ஒயினில் மூன்று பாட்டில் வாங்குங்கள். முதலாவதைத் திறந்ததும் வாயைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு இருந்தால், அதை ஓரிரு மணி நேரம் வேறு குடுவையில் ஊற்றிவைத்துக் குடித்துவிட்டு, மற்ற இரண்டையும் சில ஆண்டுகள் தொடாமல் விடுங்கள்.