ஆர்கேட் எமுலேஷன் திட்டத்தைப் பாதியில் நிற்காமல் ஓட்டுவது எப்படி

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் எந்திரங்களின் ஆட்டங்களைக் கணினியில் அப்படியே ஓட வைப்பதுதான் எமுலேஷன். அதற்கு முதலில் ஆட்டம் பதிந்திருக்கும் சிப்பைக் கவனியுங்கள், திட்டத்துக்கு லோகோவெல்லாம் அப்புறம். ஈப்ராம் என்ற அந்த நினைவகச் சிப்பின் கண்ணாடி ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். புற ஊதா ஒளி தொடர்ந்து பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். ஒவ்வொரு சிப்பையும் கணினியில் மூன்று முறை படித்து, மூன்றுக்கும் ஒரே எஸ்ஹெச்ஏ-1 (தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறியீடு) வருகிறதா பாருங்கள். ஒருமுறை எனக்கு இரண்டு ஒத்துப்போய் மூன்றாவது முரண்டு பிடித்தது. பார்த்தால், சிப்பின் ஒரு கால் கறுத்துக் கிடந்தது. அழிரப்பரால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. கேப்காம் என்ற ஆட்ட நிறுவனத்தின் சிபிஎஸ்-2 ஆர்கேட் போர்டு என்றால் பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது தீர்ந்தால் ஆட்டத்தின் மறைகுறியீட்டை அவிழ்க்கும் சாவி போய்விடும், ஆட்டம் ஓடாது.

சிப்பைவிட ஆட்கள்தான் பெரிய பாடு. எங்கள் குழுவில் ஒலிப் பகுதி முழுக்க ஒருவர் கையில் இருந்தது. அவருக்குக் குழந்தை பிறந்தது. எட்டு மாதம் ஒரு வரிகூட நகரவில்லை. கோபப்பட முடியுமா? சம்பளமா கொடுக்கிறோம்! அதன்பிறகு எந்தப் பகுதியும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். புதிதாக வருபவருக்கு டிப் சுவிட்ச் (ஆட்டத்தின் அமைப்புகளை மாற்றப் போர்டில் இருக்கும் குட்டி சுவிட்ச்) விவரங்களைச் சரிபார்ப்பது போன்ற சின்ன வேலை கொடுங்கள். அவர் அனுப்பியதற்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆள் திரும்ப வரமாட்டார்.

உரிமத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். 1997இல் வெளிவந்த மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டர், திறமூல உரிமத்துக்கு மாறியது 2016இல்தான். அதற்குப் பழைய பங்களிப்பாளர்களைத் தேடிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

சர்வர் கடவுச்சொல்லை இன்னொருவரிடமும் இன்றே கொடுத்து வையுங்கள்.