திருடனை மடக்கியவருக்கு விருது கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

டிசம்பர் பிறந்தால் போதும், யாராவது ஒரு காகிதக் கட்டோடு வந்து நிற்பார்கள். "எங்க ஊர்ல ஒருத்தர் அரிவாளோட வந்தவனை மடக்கிப் பிடிச்சார் சார், அண்ணா பதக்கத்துக்கு எழுதணும்." கட்டைப் பிரித்தால், இப்படி விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகள். கையெழுத்து விட்டுப்போவது, போட்டோ ஒட்டாதது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அலுவலகத்தில் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

எந்த விருது என்று பார்க்காமல் அனுப்புவது

வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் மாநில அரசு தருவது. குடியரசு தினத்தன்று முதலமைச்சர் வழங்குவார். பெண்களுக்கு சுதந்திர தினத்தில் தரும் கல்பனா சாவ்லா விருதும் உண்டு. மத்திய அரசின் ஜீவன் ரக்‌ஷா பதக்கம் வேறு ரகம். அது ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு. பறிபோன செயினை மீட்ட கதையை அதற்கு எழுதினால் நிற்காது. கத்திக்குக் குறுக்கே புகுந்து கடைக்காரரின் உயிரைக் காத்தார் என்றால் பேசலாம், அதுவும் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள். போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கான உயர்ந்த விருதுகளான அசோக சக்ரா வரிசையும் பொதுமக்களுக்கு உண்டுதான். 1986-இல் கராச்சி விமானக் கடத்தலில் பயணிகளைக் காத்து உயிர்விட்ட நீர்ஜா பனோட்டுக்குக் கிடைத்தது. செயின் பறிப்பு கேஸை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவது பேராசை.

முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயர் இல்லாமல் விடுவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். ஒரு மளிகைக் கடையில் ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரம் இரண்டு பேர் பைக்கில் வந்து, முதலாளி கழுத்தில் கத்தியை வைத்துக் கல்லாவைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த வேலையாள் பின்னாலிருந்து கத்திக் கையைப் பிடித்துத் திருகினார். உள்ளங்கை கிழிந்தும் பிடியை விடவில்லை. ஊரே பார்த்தது. அவர் தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில் முதலாளி ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்: "நான் சத்தம் போடவே அக்கம்பக்கத்தினர் ஓடிவந்து பிடித்தார்கள்." பிடித்தவருக்குப் பெயரே இல்லை!

விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து எஸ்.பி.க்குப் போய், அங்கிருந்து அதே ஸ்டேஷனுக்கு வரும். ஸ்டேஷனில் உங்கள் நாலு பக்க வர்ணனையை யார் படிக்கிறார்கள்? எஃப்.ஐ.ஆரைத்தான் புரட்டுவார்கள். "மேற்படி நபரின் பங்கு குறித்துக் குறிப்பு ஏதும் இல்லை" என்று ஒரு வரி போனது. கோப்பு அதோடு மூடிவிட்டது.

அதனால் புகார் கொடுப்பவர் கையெழுத்துப் போடுமுன் ஸ்டேஷன் ரைட்டரை முழுசாக வாசித்துக் காட்டச் சொல்லவேண்டும். யார், எந்தக் கையால், என்ன ஆயுதத்தை, எங்கே வைத்துப் பிடித்தார் என்பது அதில் இருக்கவேண்டும். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பெயர் விட்டுப்போயிருந்தால், குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்குள் விசாரணை அதிகாரியைப் பார்த்து அவரையும் சாட்சியாக விசாரிக்கச் சொல்லுங்கள். இப்போதைய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 180-ஆவது பிரிவு. எஃப்.ஐ.ஆரைத் திருத்த முடியாது, ஆனால் சாட்சிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் ஸ்டேஷன் அறிக்கை வேறு மாதிரி வரும்.

ஆஸ்பத்திரிச் சீட்டையும் பாருங்கள். போலீஸ் கேஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் டியூட்டி டாக்டரிடம் "தகரம் கிழிச்சுடுச்சு" என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் தகரம், விண்ணப்பத்தில் கத்தி. எதை நம்புவார்கள்?

கேமராதான் இருக்கிறதே என்று சும்மா இருப்பது

2019 ஆகஸ்ட் 11 இரவு, கடையம் பக்கம், அரிவாளோடு வந்த முகமூடிக்காரர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியாலும் செருப்பாலும் விரட்டிய வயதான தம்பதியை மறந்திருக்க மாட்டீர்கள். 15-ஆம் தேதியே முதலமைச்சர் கையால் விருது வாங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாமே அவ்வளவு வேகமாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். அங்கே வீட்டு வாசல் கேமராவில் மொத்தமும் பதிவாகி, நாடே பார்த்துவிட்டது. உங்கள் தெருக் கேமரா, பதிவுப் பெட்டியான டி.வி.ஆர். நிறைந்ததும் பழைய பதிவை அழித்துக்கொண்டே போகும். மறுநாளே போலீசிடம் சொல்லி எடுக்க வையுங்கள். நாலு பேர் கைமாறி வாட்ஸ்அப்பில் வந்த துண்டு வீடியோ போதாது.

"சிங்கம்போல் பாய்ந்தார்"

இப்படி ஒரு வரி விண்ணப்பத்தில் இருந்தால் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அதைவிட மோசம், ஒருவனை மடக்கியதை மூன்று பேர் என்று கூட்டி எழுதுவது. நாளைக்கு அவர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது எதிர்த்தரப்பு வக்கீல் இந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார்.

எத்தனை பவுன் என்று விவரிப்பது

வேண்டாம். விருது நகைக்கு இல்லை.

அவரைக் கேட்காமலே விண்ணப்பிப்பது

இளைஞர் மன்றத்துப் பையன்கள் உற்சாகத்தில் செய்கிற வேலை இது. பிடிபட்டவன் ஜாமீனில் வெளியே வந்து பக்கத்து ஊரிலேயே சுற்றிக்கொண்டிருப்பான். போட்டோவும் தெருப் பெயரும் பேப்பரில் வருவதை எல்லோரும் விரும்புவதில்லை. ஒரு அம்மா என்னிடம் நேராகவே சொன்னார்: "பதக்கத்தை நான் எங்க மாட்டிக்கப் போறேன் தம்பி, பொண்ணு தினமும் அந்த வழியாத்தான் காலேஜ் போவுது." எழுதிய விண்ணப்பத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.